வேட்டி கட்டிய டாக்டர்கள்

1860களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு மருத்துவ வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் அமெரிக்கர், பாடம் தமிழில். படிக்க வந்த பையன்களுக்கு உதவித்தொகை உண்டு. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: வேட்டியை விட்டுக் கோட்டு, கால்சட்டைக்கு மாறினால் தொகை நின்றுபோகும். வெள்ளைக்காரர் உடுப்பைப் போடாதே என்று உள்ளூர்ப் பையன்களை மிரட்டியவர் ஒரு வெள்ளைக்காரர் என்பதுதான் இதில் வேடிக்கை.

அவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1822இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றவர். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா உருவானதில் பெரும்பங்கு கொண்ட ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் இவருக்கு அண்ணன். அண்ணன் பெருநகரத்தைக் கட்டக் கிளம்ப, தம்பி 1847இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டை, பிறகு மானிப்பாய். வந்த மறு ஆண்டே மூன்று மாணவர்களோடு வகுப்பைத் தொடங்கிவிட்டார்.

அவரை அனுப்பிய அமெரிக்க மிஷனுக்கு யாழ்ப்பாணத்தில் மருத்துவம் புதிதல்ல. 1820இலேயே டாக்டர் ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வந்து தங்கி வைத்தியம் பார்த்தார். பிறகு அவர் சென்னைக்குப் போய்விட்டார். அந்தக் குடும்பத்தின் பெயர் இந்தக் கதையில் மறுபடியும் வரும். வட்டுக்கோட்டையில் நேதன் வார்டு என்ற டாக்டரும் இருந்தார். ஆனால் வந்த டாக்டர் திரும்பிப் போனால் வைத்தியமும் போய்விடும் என்ற நிலை மாறவில்லை. ஊர்ப் பிள்ளைகளையே டாக்டர்களாக்கினால்தான் தீர்வு என்று கிறீன் முடிவுகட்டினார். அதுவும் சுலபமாக இல்லை. டாக்டராக்கிய பிள்ளைகள் ஊரில் தங்க வேண்டுமே!

படித்தவர் ஊரில் தங்காத கதையை வட்டுக்கோட்டை செமினரி நன்றாகவே காட்டியிருந்தது. 1823இல் தொடங்கிய அந்தக் கல்விச்சாலையில் ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மதப் பணியாளர்களை உருவாக்குவது மிஷனின் எண்ணம். பையன்களின் எண்ணம் வேறு. ஆங்கிலம் வாயில் ஏறியதும் அரசாங்கக் கச்சேரிக்கும், கடல் தாண்டிச் சென்னை மாகாணத்துக்கும் கிளம்பினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்களே. தமிழுக்கு அது பெரும் லாபம். பழைய இலக்கிய இலக்கணங்களைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையின் கடனைத் தமிழுலகம் இன்னும் அடைக்கவில்லை. மிஷன் தலைமைக்கோ அது நஷ்டக் கணக்காகத் தெரிந்தது. 1855இல் பாஸ்டனிலிருந்து மிஷன் சங்கத்துச் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது.

கிறீனின் முதல் ஒன்பது ஆண்டுகளில் மருத்துவ வகுப்பும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. செமினரிக்கு நேர்ந்தது தன் வகுப்புக்கும் நேரும் என்பதை அவர் கண்முன்னே பார்த்தார். ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிச் சம்பளம் காத்திருக்கும்போது வடமராட்சியிலோ தீவுப் பகுதியிலோ ஒரு குக்கிராமத்தில் போய் அவன் ஏன் உட்கார வேண்டும்?

அந்தக் கிராமத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. பரிகாரி. தகப்பனிடமிருந்தோ மாமனிடமிருந்தோ ஏட்டுச்சுவடியோடு தொழிலையும் பெற்றவர். நாடி பிடிப்பார், எண்ணெய் காய்ச்சுவார், பத்தியம் சொல்வார். கூலி பணமாகவும் வரும், நெல்லாகவும் வரும். பரிகாரிக்கு ஊரும் ஊருக்குப் பரிகாரியும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்கள். பிரசவத்துக்கு மருத்துவிச்சி. இவர்களுக்கு நடுவே அமெரிக்கப் படிப்போடு ஒரு புது டாக்டர் போய் நின்றால் அவருக்கு மருந்து தெரிந்திருப்பது மட்டும் போதாது. வயிற்றுவலிக்காரர் தன் வலியை எந்தச் சொல்லால் சொல்கிறாரோ, அந்தச் சொல்லிலிருந்து நோயைப் பிடிக்கத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் நோயைப் படித்துவிட்டு தமிழில் நோயாளியைக் கேட்பது இரட்டை வேலை.

1857இல் விடுமுறைக்கு ஊர் போன கிறீன் 1862இல் மனைவியோடு திரும்பிவந்தார். 1864 முதல் வகுப்பு முழுக்கத் தமிழுக்கு மாறியது. உடுப்பு நிபந்தனையும் இந்தக் காலத்தது. கிறிஸ்தவத்தைத் தழுவினாலும் இவர்கள் இந்த மண்ணின் மனிதர்களாகவே இருக்க வேண்டும், அரைகுறை அமெரிக்கர்களாகிவிடக் கூடாது என்பது அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. சாப்பாடு, உடுப்பு, வீடு எதிலும் ஊரை விட்டு விலகக் கூடாது என்றார்.

உடுப்பைத் தடுக்க ஒரு வாக்கியம் போதும். பாடத்தைத் தமிழாக்கத்தான் இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

கிறீனின் மொழிபெயர்ப்புகளை யாராவது நூலகத்தில் கையிலெடுத்தால் முதலில் அசத்துவது கனம். ராபர்ட் ட்ரூயிட்டின் அறுவைச் சிகிச்சை நூல் 1867இல் 'இரண வைத்தியம்' என்று வந்தது. ஆங்கில உலகத்தில் இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் புரட்டுகிற கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. அதன் ஆங்கில மூலம் லண்டனில் வெளிவந்து அப்போது பதினான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. பிரசவ வைத்தியம், உடலியல், வேதியியல், இந்திய மருந்துச் சரக்குகள் என்று பட்டியல் நீள்கிறது. மொத்தம் நாலாயிரம் பக்கங்களைத் தாண்டும். கலைச்சொல்லுக்கு அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தமிழில் இருக்கிறதா என்று தேடு, இல்லையென்றால் சமஸ்கிருதம், அங்கேயும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. அப்படித்தான் வேதியியல் 'கெமிஸ்தம்' ஆனது. இன்றைய கண்ணுக்கு அந்த நடை வடமொழி அதிகமாகத் தெரியும். ஆனால் அந்தக் கால மாணவனுக்கு அது ஏட்டுச்சுவடியில் பழகிய நடைதான், பரிகாரி பேசுகிற மொழிக்குப் பக்கத்து வீடு.

டாக்டர்களுக்குத் தடித்த புத்தகம், ஊருக்குச் சின்னப் பிரசுரம். கண், காது, கை, கால், தோல், வாய் என்று ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு துண்டுப் புத்தகம் போட்டார். வாந்திபேதிக்கும் ஒன்று. 1866–67இல் யாழ்ப்பாணத்தை வாந்திபேதி வாரிக்கொண்டு போனபோது அவருடைய மாணவர்கள் ஊர் ஊராக மருந்தோடு அனுப்பப்பட்டார்கள். தமிழில் படித்ததன் பலன் அப்போதுதான் கண்கூடாகத் தெரிந்திருக்கும். தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

இந்த வேலையைக் கிறீன் ஒற்றையாளாகச் செய்யவில்லை. மாணவர்கள்தான் மொழிபெயர்ப்பில் கூடவே உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பெயர்களைக் கேட்டால் குழப்பமாக இருக்கும்: டன்போர்த், எவார்ட்ஸ், சாப்மன், வில்லியம் பால். எல்லாரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள்! மிஷன் விடுதிப் பள்ளியில் ஒரு பையனின் செலவை அமெரிக்காவில் யாரோ ஒரு நன்கொடையாளர் ஏற்றுக்கொள்வார். பையனுக்கு அவர் சொல்லும் பெயர் சூட்டப்படும். எவார்ட்ஸ் என்பது மிஷன் சங்கத்தின் பழைய செயலாளர் ஒருவரின் பெயர். ஆக மானிப்பாய் வகுப்பில் உடுப்பு தமிழ், மொழி தமிழ், பெயர் பாஸ்டன்! இரண்டாவது தலைமுறை மிஷன் டாக்டர் வேட்டியைக் காப்பாற்றப் புறப்பட்டபோது முதல் தலைமுறை பெயரைப் பறித்து முடித்திருந்தது.

சாப்பாட்டில் விட்டுக்கொடுத்தது மிஷன்தான். ஆரம்ப காலத்து விடுதிப் பள்ளிகளில் வெள்ளாளப் பையன்கள் கிறிஸ்தவர் வளவுக்குள் சாப்பிட மறுத்தார்கள். மிஷன் வளவை ஒட்டி, வெளியே, அவர்கள் சாதி ஆளைக்கொண்டு சமையலறை வைத்துச் சமாளித்தார்கள். வளவுக்குள் படிப்பு, வேலிக்கு அப்பால் சோறு. ஊரோடு ஒட்டியே இரு என்று கிறீன் பிற்பாடு சொன்னபோது அந்த 'ஊர்' என்பதற்குள் இந்த வேலியும் அடக்கம். மண்ணின் பழக்கத்தை விடாதே என்ற அறிவுரை மேல்சாதிப் பையனுக்குச் சுகமாக இருந்திருக்கும். கோட்டும் தொப்பியும் போட்டால்தான் ஒரு தெருவில் நடக்கவே முடியும் என்ற நிலையில் இருந்தவனுக்கு அதே அறிவுரை எப்படிக் கேட்டிருக்கும்? கிறீனின் அபிமானிகள் அவரைத் தமிழ்ப் பற்றாளர் என்று போற்றும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒருவன் எந்த ஊர்க்காரனாக இருக்க வேண்டும் என்பதை உதவித்தொகையைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொருவர் தீர்மானிப்பதில் ஓர் அதிகாரம் இருக்கத்தான் செய்கிறது, நோக்கம் எவ்வளவு நல்லதானாலும்.

1873இல் உடல்நலம் குன்றிக் கிறீன் ஊர் திரும்பினார். வூஸ்டரில் உட்கார்ந்தும் கடல் கடந்த தபாலில் தமிழ்ப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884இல் இறந்தார், கல்லறையில் 'தமிழருக்கு மருத்துவ ஊழியர்' என்று பொறிக்கச் சொல்லியிருந்தார். அவர் கையில் தேறிய டாக்டர்கள் 62 பேர். அவர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள்.

அந்த வரிசை அத்தோடு நின்றது. கொழும்பில் 1870இலேயே அரசு மருத்துவப் பள்ளி திறந்தாயிற்று, அங்கே ஆங்கிலம். அரசாங்கம் தரும் சான்றிதழுக்கே வேலையும் மதிப்பும் என்று ஆனபின் தமிழில் கிரேயைக் கரைத்துக் குடித்தவனுக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறக்கவில்லை. கிராமத்தோடு ஒட்டவைக்க நினைத்த படிப்பு, தொழிலின் பெரிய கூட்டத்திலிருந்து அவனை வெட்டிவிடும் என்பதைக் கிறீன் குறைத்து எடைபோட்டுவிட்டார் என்றே தோன்றுகிறது. டாக்டருக்கு ஊர் ஒரு வீடென்றால் சக டாக்டர்கள் இன்னொரு வீடு. இரண்டாவதன் சாவி கொழும்பில் இருந்தது.

மிஷன் யாரைத் தன்னவராகக் கொண்டது என்பதற்கு இன்னொரு சம்பவமும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கென்று இணுவிலில் ஓர் ஆஸ்பத்திரி அமையவிருந்தது. அதற்காக 1896இல் கனடாவிலிருந்து மேரி இர்வின் என்ற இளம் டாக்டர் வந்தார். வருமுன்பே சாமுவேல் ரத்னம் என்ற யாழ்ப்பாணத் தமிழரைக் காதலித்திருந்தார். ரத்னமும் கிறிஸ்தவரே. ஆனாலும் வெள்ளைக்கார மிஷன் டாக்டர் உள்ளூர்க்காரரை மணப்பதை மிஷனால் செரிக்க முடியவில்லை. இணுவிலில் அவருக்கு இடம் நிலைக்கவில்லை. உள்ளூர்ப் பையன் வெள்ளைக்காரனாகக் கூடாது என்றவர்கள், வெள்ளைக்காரப் பெண் உள்ளூராள் ஆவதையும் பொறுக்கவில்லை. மேரி ரத்னம் கொழும்புக்குப் போனார். பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார், பள்ளிகளுக்குச் சுகாதாரப் புத்தகம் எழுதினார், 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். 1958இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது.

இதே பத்தாண்டுகளில் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் பண்டத்தரிப்பு ஸ்கடரின் பேத்தி வந்து இறங்கினார். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1900இல் வேலூர் திரும்பினார். 1902இல் நாற்பது படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி. தாத்தா காலத்து மிஷன் ஆண் டாக்டர்களை உருவாக்கப் பார்த்தது. பேத்தியின் கணக்கு பெண்கள். ஆண் டாக்டரிடம் பெண்ணைக் காட்ட மாட்டோம் என்ற வீடுகளுக்கு வேறு யார் போவது?

1909இல் டீலியா ஹௌட்டன் என்ற நர்ஸின் பொறுப்பில் வேலூரில் நர்ஸிங் பள்ளி தொடங்கியது. அந்தக் காலத்தில் நர்ஸ் வேலைக்குப் பெண்ணை அனுப்புவதென்றால் குடும்பங்கள் முகம் சுளிக்கும். இரத்தம், மலம், அந்நிய ஆண் உடல், இராத்திரி வேலை; தீட்டுக் கணக்கில் எதுவும் பாக்கியில்லை. ஆகவே வேலைக்கு முன் விடுதி வேண்டும், விடுதிக்கு ஒரு கௌரவம் வேண்டும். ஒரே சீருடை, ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரே ஜெபக்கூடம் என்று வேலூர் அந்தக் கௌரவத்தைக் கட்டியது. வேலிக்கு அப்பால் தனிச் சமையலறை என்ற பேச்சே இல்லை. கிராமச் சாலையோரங்களில் வாரந்தோறும் குறித்த இடத்தில் நின்று வைத்தியம் பார்க்கும் வழக்கமும் அந்த ஆண்டுகளில் வேரூன்றியது. முதலில் மாட்டுவண்டி, 1909 முதல் ஒரு பியூஜோ கார். குடியாத்தம் சாலையில் மரத்தடியில் கார் நின்றதும் டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லாரும் இறங்கி ஒரே தூசியில் ஒரே வரிசை நோயாளிகளைப் பார்த்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் இருந்த மேல்கீழ் அங்கே கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிய விஷயம் என்றார் மாகாணத்து சர்ஜன் ஜெனரல். 151 விண்ணப்பங்கள் வந்தன. முதல் அணியில் 14 பேர் 1922இல் தேறி வெளியே வந்தார்கள். முதல் ஆண்டுத் தேர்வில் மாகாணம் முழுக்க ஆண் மாணவர்களில் ஐந்தில் ஒருவரே தேற, வேலூர்ப் பெண்கள் எல்லாரும் தேறினார்கள் என்பது அந்தக் கல்லூரி இன்றும் அலுக்காமல் சொல்லும் கதை. அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு கதை இருப்பதும் ஓர் அணியை அணியாக வைத்திருக்கும்.

கிறீனின் வகுப்பை விழுங்கிய சிக்கல் வேலூருக்கும் வந்தது. எல்.எம்.பி. என்ற சிறிய பட்டயத்தை நிறுத்துவது, இனி எம்.பி.பி.எஸ். மட்டுமே என்று 1938 வாக்கில் சென்னை அரசு முடிவெடுத்தது. பட்டம் தர வேண்டுமானால் படுக்கைகளும் ஆய்வுக்கூடங்களும் உயர்படிப்புப் படித்த ஆசிரியர்களும் வேண்டும். பணம் இல்லை. ஆண்களையும் சேர்த்தால் மற்ற மிஷன்களின் ஆதரவு கிடைக்கும் என்றார்கள் ஒரு சாரார். பெண்களுக்கென்று திரட்டிய காசை அதற்குக் கொடுப்பது துரோகம் என்று ஐடாவின் நெடுங்காலத் தோழி லூசி பீபாடி கொதித்தார். நட்பு முறிந்தது. எழுபது வயதில் ஐடா அமெரிக்காவில் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது, 1947இல் ஆண் மாணவர்கள் வந்தார்கள், அதற்கு முந்தைய ஆண்டே நர்ஸிங்கில் பி.எஸ்ஸி. பட்டம் வந்திருந்தது. அது சின்ன விஷயமல்ல. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து அதே 1946இல் வெளியான போர் (Bhore) கமிட்டி அறிக்கைப்படி நாட்டில் இருந்த நர்ஸ்கள் சுமார் ஏழாயிரம். அவர்களுடைய சம்பளமும் தங்குமிடமும் கேவலமாக இருந்ததை அறிக்கை ஒளிக்கவில்லை. விசாகப்பட்டினத்து ஹில்டா லாசரஸ் 1940களின் இறுதியில் வேலூரின் முதல் இந்தியத் தலைவரானார்.

டாக்டர்களின் கூட்டத்தில் யாருக்கு இடம் என்ற கேள்வி வேலூரில் இன்னொரு உருவிலும் வந்தது. 1954 ஜனவரியில் அங்கிருந்த இளம் டாக்டர்கள் சிலர் வெளியூர் போன வண்டி கவிழ்ந்தது. அதில் இருந்தவர் கொச்சிப் பக்கத்து மேரி வர்கீஸ், மகப்பேறு மருத்துவத்தில் சேர்ந்திருந்தவர். முதுகுத்தண்டு நொறுங்கி இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. முகத்திலும் தழும்பு. நடக்க முடியாத பெண் டாக்டருக்கு அந்தக் காலத்தில் வீடுதான் மிச்சம். யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்த பால் பிராண்டுக்கு வேறு யோசனை. கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாமே என்றார். மேரியைச் சக்கர நாற்காலியோடு அறுவை மேசைக்கு அருகே கொண்டுவந்தார்கள். அங்கே அவர் அனுதாபத்துக்கு வைத்திருந்த ஆள் இல்லை. தினமும் அட்டவணையில் பெயர் இருந்த சர்ஜன். விரல் அசையாத நோயாளியும் கால் அசையாத டாக்டரும் எதிரெதிரே உட்கார்ந்தபோது தைரியம் சொல்ல வேண்டிய வேலை பாதி குறைந்துபோனது.

அதோடு மேரி நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் தானே நோயாளியாக இருந்து, தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளப் பழகினார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963இல் வேலூரில் அந்தத் துறையின் பொறுப்பை ஏற்றார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிச் சிகிச்சை பெறுகிற நிலையம் 1966இல் திறந்தது. இந்தியாவில் அதற்கு முன்மாதிரி இல்லாததால் பிசியோதெரபி தெரிந்தவர்கள், செயற்கைக் கால் செய்கிறவர்கள், தச்சர்கள் என்று வேலைக்கு வேண்டிய ஆட்களையும் அங்கேயே பழக்கியெடுக்க வேண்டியிருந்தது.